சங்கம் நிறுவுதலும் சங்கம் ஏற்றலும்

1. பொருளும் எல்லையும்

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்திக் கூறுதல் தமிழிலக்கண மரபு. அவற்றுள் வழிநூலுக்கு நன்னூலார் வகுத்த இலக்கணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முன்னோர் கண்ட முடிபோடு ஒத்து நிற்றல், பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தல், மரபு அழியாது காத்தல் என்னும் மூன்றும் அமைந்ததே வழிநூல் என்பது அவர் கருத்தின் சாரம். உரையாசிரியருட் சிலர், முன்னூலை மறுத்து எழுவதாகிய எதிர்நூல் என ஒன்றனையும் கூட்டி உரைப்பர். நூல்களுக்குக் கூறிய இப்பாகுபாடு, நூல்களைப் பேணி வளர்க்கும் சங்கங்களுக்கும் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுப்பணி ஒன்றைப் பலர் கூடிச் செய்ய விழையுங்கால் அவர்முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. ஒன்று, புதியதொரு சங்கத்தை நிறுவுதல். மற்றொன்று, முன்னரே உள்ள சங்கம் ஒன்றன் பொறுப்பை ஏற்று நடத்துதல். இவற்றுள் யாது சிறந்தது என்னும் வினா எழும்போதெல்லாம், புதிது என்றால் ஊக்கம் எனவும் பழையது என்றால் சுமை எனவும் இளைஞர் கூறுவர். புதிது என்றால் நிலையாமை எனவும் பழையது என்றால் பெருமை எனவும் முதியோர் கூறுவர். இருசாராரும் தத்தம் பருவத்துக்கேற்பப் பேசுகின்றனரேயன்றிச் சான்றுகளை வைத்துப் பேசுகின்றார் அல்லர். தமிழ்நாட்டுச் சங்கங்களின் வரலாறு இவ்வினாவுக்குப் போதிய சான்றுகளைக் கொண்டுள்ளது. அவற்றைத் தொகுத்து நோக்கின், பெரும்பாலோர் கருதாத முடிபு ஒன்று புலனாகும்.

ஈண்டுச் சங்கம் என்னும் சொல்லைக் கழகம், மன்றம், பேரவை, கட்சி ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய பொதுச்சொல்லாகவே ஆள்கின்றோம். அரசியல் அமைப்புகளும் எடுத்துக்காட்டாக வரும். அவற்றின் கொள்கைகளை ஆதரித்தலும் மறுத்தலும் இக்கட்டுரைக்குப் புறம்பு. அமைப்பு என்ற அளவிலேயே அவை இங்கே எண்ணப்படும்.

2. சங்கத்தின் நான்கு உறுப்புகள்

எச்சங்கமாயினும் அதற்கு உறுப்புகள் நான்கு. அவை பெயர், பொருள், மக்கள், முறை என்பன. பெயர் என்பது சங்கத்தின் அடையாளமும், அதனோடு சேர்ந்து வளர்ந்த நன்மதிப்பும் ஆகும். பொருள் என்பது கட்டடம், நூலகம், அச்சகம், அறக்கட்டளைத் தொகை முதலியன. மக்கள் என்பார் உறுப்பினரும் புரவலரும். முறை என்பது எழுதிய விதிகளும் எழுதாத வழக்கங்களும் சேர்ந்தது. ஆண்டு விழா எந்நாளில் நிகழும், தலைமை யாரிடம் வேண்டப்படும், மாறுபட்ட கருத்துடையோர்க்கு மேடை உண்டா, வரவு செலவை யார் கேட்கலாம் என்பன போன்ற எண்ணற்ற செய்திகள் இம்முறையுள் அடங்கும். இவற்றுட் பெரும்பகுதி எவ்வேட்டிலும் எழுதப்பட்டிராது. உறுப்பினர் நெஞ்சில் மட்டுமே வாழும்.

இந்நான்கும் ஒரே தன்மையன அல்ல. பெயரையும் பொருளையும் ஓர் ஆவணத்தால் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாற்றிவிடலாம். மக்களையும் முறையையும் அவ்வாறு மாற்றல் இயலாது. மறுதலையாக, புதுச்சங்கம் நிறுவுவோர் எழுத்து விதிகளை ஒரே நாளில் இயற்றிவிடலாம். ஆனால் நற்பெயரையும் நூலகத்தையும் அவ்வாறு ஒரு நாளில் ஆக்கல் இயலாது. எனவே சங்கத்தை ஏற்பவர் எளிதிற் பெறுவன பெயரும் பொருளும். அரிதிற் பெறுவன மக்களும் முறையும். நிறுவுபவர் எளிதிற் பெறுவது எழுத்து விதி. அரிதிற் பெறுவன ஏனைய அனைத்தும். இவ்வேறுபாட்டை நெஞ்சிற் கொண்டு வரலாற்றுச் சான்றுகளை நோக்குவாம்.

3. பழம்பெயரிற் புதுச்சங்கம்: மதுரை

இறையனார் களவியலுரை முச்சங்க வரலாற்றை விரித்துரைக்கின்றது. தலைச்சங்கம் 4440 ஆண்டும், இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவின என அவ்வுரை கூறும். இவ்வெண்களை வரலாறாகக் கொள்ளுதல் அரிது. ஆயினும் அவ்வுரை கூறும் அமைப்பு ஒன்று நமக்குப் பயன்படும். ஒரு சங்கம் மறைந்தபின் வேறோர் ஊரில் மற்றொன்று தோன்றுகின்றது. தோன்றுவது முன்னையதன் தொடர்ச்சியாகவே எண்ணப்படுகின்றது. இடம் மாறுகின்றது, புலவர் மாறுகின்றனர், பெயரும் எண்ணும் தொடர்கின்றன.

இந்நினைவே 1901-ஆம் ஆண்டில் மீண்டும் செயற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பாலவனத்தம் நிலக்கிழார் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். இராமநாதபுரம் மன்னர் பாசுகர சேதுபதி அதற்குத் துணை நின்றார். பொருள் நோக்கின் அது முற்றிலும் புதுச்சங்கமே. ஏற்பதற்குரிய கட்டடமோ சுவடியோ உறுப்பினரோ முன்னை எச்சங்கத்திலிருந்தும் வந்திலர். ஆயினும் அதனை நான்காம் தமிழ்ச் சங்கம் என அறிஞர் வழங்கினர். அவ்வெண் ஒன்றே, நேற்றுத் தோன்றிய சங்கத்துக்குப் பன்னூறாண்டுப் பழமையைத் தந்தது. புலவர்களும் புரவலர்களும் அதன்பால் ஈர்க்கப்பட்டமைக்கு அப்பெயரும் ஒரு காரணம் எனலாம்.

பெயர் மட்டும் சங்கத்தைக் காத்ததா எனின், அன்று. அச்சங்கத்தின் சார்பிற் சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை எழுந்தது, பாண்டியன் புத்தகசாலை அமைந்தது, அச்சகம் நிறுவப்பட்டது. செந்தமிழ் என்னும் திங்களிதழ் 1902-இல் தோன்றியது. அதன் முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார்; அடுத்து அப்பொறுப்பை ஏற்றவர் மு. இராகவையங்கார். பண்டிதத் தேர்வுகளும் நடத்தப்பெற்றன. பாசுகர சேதுபதி 1903-இலும் பாண்டித்துரைத் தேவர் 1911-இலும் மறைந்தனர். நிறுவிய இருவரும் ஏறத்தாழப் பத்தாண்டளவில் மறைந்தும் சங்கம் மறைந்திலது. ஏன்? தேர்வு நாள் ஆண்டுதோறும் வந்தது. இதழ் திங்கள்தோறும் வரவேண்டியிருந்தது. மாணவர் வகுப்பிற் காத்திருந்தனர். அதாவது, முறை என்னும் உறுப்பு நிறுவியவர் உயிரோடு இருக்கும்போதே அவரைச் சாராது இயங்கத் தொடங்கிவிட்டது. பழம்பெயர் மக்களை அழைத்து வந்தது. புதுமுறை அவரை நிலைக்கச் செய்தது.

இதனோடு கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை ஒப்பிடல் வேண்டும். தஞ்சையின் ஒரு பகுதியாகிய கரந்தட்டாங்குடியில் 1911 மே 14-இல் அது தோன்றியது. தொடங்கியவர் த. வே. இராதாகிருட்டிணனார், தலைவராய் நின்று 1941-இல் மறையும்வரை அதனை வளர்த்தவர் அவர்தம் தமையனாராகிய தமிழவேள் உமாமகேசுவரனார். மதுரைச் சங்கம் சிறப்புற நிகழ்ந்த காலத்திலேயே இது தோன்றியது. ஆயினும் அதன் கிளையாக அமையவில்லை. ஐந்தாம் சங்கம் எனத் தன்னை எண்ணிக்கொள்ளவும் இல்லை. தன் ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்டது. புராணப் பழமையைத் துணைக்கு அழையாத சங்கம் தன் பெயரைத் தன் உழைப்பால் ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். 1925-இல் தமிழ்ப் பொழில் இதழ் தொடங்கியது. ஈழத்து விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூலை 1947-இல் வெளியிடும் தகுதியை அச்சங்கம் பெற்றிருந்தது. தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகளில் கடல் கடந்த பேரறிஞர் ஒருவர் தம் வாழ்நாட்பணியை ஒப்படைக்கும் அளவு அதன் பெயர் வளர்ந்துவிட்டது என்பது இதனாற் போதரும். மதுரை கடனாகப் பெற்ற ஒன்றைக் கரந்தை ஈட்டிக்கொண்டது எனலாம். இரண்டும் நிலைத்தன என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

மதுரை என்னும் பெயர் பிற்காலத்தும் புதுமுயற்சிக்கு உதவியுள்ளது. 1998-ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, பல நாடுகளில் வாழும் தமிழ் ஆர்வலர் ஊதியம் கருதாது கூடித் தமிழ் இலக்கியங்களை மின்னெழுத்தில் ஏற்றும் பணியைத் தொடங்கினர். அதற்கு அவர் இட்ட பெயர் மதுரைத் திட்டம் என்பது. கட்டடமில்லாத அம்முயற்சியும் தன் முதல் முதலீடாகப் பழம்பெயர் ஒன்றனையே கொண்டமை காண்க.

4. பிரிந்து நிறுவியோரும் தாய்ச்சங்கமும்

நிறுவுதல் எப்போதும் வெற்றிடத்தில் நிகழ்வதன்று. பல வேளைகளில் அது பிரிதலாக நிகழ்கின்றது. இதற்கு மிகப் பழைய சான்று மதுரையிலேயே உள்ளது. தேவசேனர் இயற்றிய தர்சனசாரம் என்னும் பிராகிருத நூல், பூச்சியபாதரின் மாணவராகிய வச்சிரநந்தி என்பார் விக்கிரம ஆண்டு 526-இல், அதாவது கி.பி. 470-ஐ ஒட்டி, தென்மதுரையிற் திராவிட சங்கம் நிறுவினார் எனக் கூறுகின்றது. வையாபுரிப் பிள்ளை இச்செய்தியைத் தமிழ்ச் சங்க வரலாற்றோடு தொடர்புபடுத்தினார். அறிஞர் பலர் அதனை உடன்பட்டிலர். அவ்வாராய்ச்சி ஒருபுறம் நிற்க. நமக்கு வேண்டுவது தேவசேனரின் நோக்கு. அவர் இச்சங்கத்தைச் சமண நெறியினின்று வழுவியோர் வரிசையில் வைக்கின்றார். பிரிந்தோர் எழுதிய வரலாறு நமக்குக் கிடைத்திலது. பிரியாதோர் எழுதியதே கிடைத்துள்ளது. புதுச்சங்கம் நிறுவுவோர் ஏடு எழுதிக் காவாராயின், அவர்தம் வரலாற்றை அவரை ஏலாதவரே எழுதுவர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

5. ஏற்றது புதிதாதலும் நிறுவியது வழியாதலும்

சங்கம் ஏற்றலின் இயல்பை முழுமையாக விளக்கும் சான்று இருபதாம் நூற்றாண்டின் அரசியல் வரலாற்றில் உள்ளது. 1916 நவம்பரில் தோன்றிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கம், நீதிக் கட்சி எனப் பெயர் பெற்று, 1920-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் சென்னை மாகாணத்தில் ஆட்சி செலுத்தியது. 1937-இல் அது பெருந்தோல்வி எய்தியது. தலைவர் பலர் ஒதுங்கினர். அந்நிலையில், 1925 முதல் சுயமரியாதை இயக்கத்தை நடத்தி வந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி, இந்தி எதிர்ப்பிற் சிறைப்பட்டிருந்தபோதே, 1938 டிசம்பரில் அக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கு ஒரு வினா எழும். தமக்கென ஓர் இயக்கமும் குடி அரசு இதழும் உடையவர், தோற்று நலிந்த கட்சி ஒன்றனை ஏன் ஏற்றல் வேண்டும்? நான்கு உறுப்புகளை வைத்து நோக்கின் விடை ஓரளவு புலனாகும். சுயமரியாதை இயக்கத்துக்கு மக்களும் முறையும் இருந்தன. நீதிக் கட்சிக்குப் பெயர் இருந்தது. மாகாண அளவிலான அரசியல் தகுதி இருந்தது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும் நிலை அது. கட்சி சார்பில் 1935-இல் தொடங்கிய விடுதலை இதழும் பெரியார் பொறுப்புக்கு வந்தது.

ஆனால் இரண்டு முறைகள் ஓரிடத்தில் நெடுங்காலம் ஒருங்கு நில்லா. பட்டமும் பதவியும் தேர்தலும் பழைய கட்சியின் முறை. ஊர்தோறும் பரப்புரையும் சமுதாயச் சீர்திருத்தமும் புதிய தலைவரின் முறை. 1944 ஆகஸ்டு 27-இல் சேலத்தில் கூடிய மாநாட்டில் இம்முரண் முடிவுக்கு வந்தது. ஆங்கில அரசு அளித்த பட்டங்களைத் துறத்தல் வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாறியது. இதனை ஏலாதவர் பி. தி. இராசன் முதலியோர் தலைமையிற் பழம்பெயரிலேயே தனித்து இயங்கி, 1952-ஆம் ஆண்டுத் தேர்தலையும் சந்தித்தனர். அதன்பின் அப்பெயர் வழக்கொழிந்தது.

நன்னூலார் கூறிய மூன்றனையும் இங்குப் பொருத்திப் பார்ப்பாம். முன்னோர் முடிபாகிய பிராமணரல்லாதார் உரிமை என்பது தொடர்ந்தது. பின்னோன் வேண்டிய வேறுபாடு சேர்ந்தது. மரபு அழியாது காத்தல் என்னும் மூன்றாவதே வழக்குக்கு உரியதாயிற்று. பெயரும் தேர்தல் முறையும் மரபு எனக் கொண்டவர், மரபு அழிந்தது என்றனர். உரிமைக் கொள்கையே மரபு எனக் கொண்டவர், மரபு தழைத்தது என்றனர். ஆகவே ஏற்றல் என்னும் செயலில் எழும் பூசலின் வேர், சங்கத்தின் மரபு எது என்பதிலேயே உள்ளது. அதனை ஏற்கும் நாளிலேயே வெளிப்படப் பேசி முடிவு செய்யாவிடின், ஐந்தாறு ஆண்டு கழித்துப் பிளவாகப் பேச நேரும்.

இனி, 1949-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குவாம். திராவிடர் கழகத்தினின்று பிரிந்த சி. என். அண்ணாதுரையும் உடன்பட்டோரும் அவ்வாண்டு செப்டம்பர் 17-இல் சென்னையிற் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினர். தாய்க்கழகத்தைக் கைப்பற்றும் முயற்சியை அவர் மேற்கொண்டிலர். விடுதலை இதழ் முதலியன பெரியாரிடமே இருந்தன. பிரிந்தோர் கொண்டு சென்றது பெரும்பாலும் மக்களையே. புதுக்கழகத்துக்குத் தலைவர் இருக்கை காலியாக விடப்பட்டது. அது தம் பழைய தலைவர்க்கு உரியது என்பது அவர் கூறிய காரணம். அண்ணாதுரை பொதுச் செயலாளராகவே பொறுப்பேற்றார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். 1938-இல் நிகழ்ந்தது ஏற்றல். ஆயினும் ஆறாண்டில் அது பெயரும் முறையும் மாறிய புதுச்சங்கமாக முடிந்தது. 1949-இல் நிகழ்ந்தது நிறுவுதல். ஆயினும் பெயரின் முதற்சொல்லும், கொள்கையின் பெரும்பகுதியும், காலியாக விட்ட இருக்கையும் அதனைப் பழையதன் வழியாகவே காட்டின. ஏற்றது புதிதாயிற்று, நிறுவியது வழியாயிற்று. புதுமையும் தொடர்ச்சியும் பெயரையும் பொருளையும் பற்றி அமைவன அல்ல, மக்களையும் முறையையும் பற்றி அமைவன என்னும் முடிபுக்கு இஃது இடந்தருகின்றது.

6. சார்ந்து தோன்றுதல்

முதனூலும் வழிநூலும் அன்றிச் சார்புநூல் என ஒன்று உண்மை போலச் சங்கங்களிலும் மூன்றாம் வகை ஒன்று உண்டு. 1964 சனவரியிற் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26-ஆம் அனைத்துலக மாநாடு கூடியது. அதற்கு வந்த தமிழாய்வாளர்களைத் தனிநாயக அடிகளாரும் வ. அய். சுப்பிரமணியமும் அழைத்துக் கூட்டினர். அக்கூட்டத்தில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் சீன் பிலியோசா தலைவரானார். கீழ்த்திசை மாநாட்டில் தமிழுக்குரிய இடம் போதாது என்பது அவர் கண்ட குறை. அக்குறையைத் தீர்க்க அம்மாநாட்டையே கைப்பற்றுதல் இயலாது. எல்லாரையும் தொலைவிலிருந்து புதிதாக அழைத்தலும் எளிதன்று. ஆகவே பிறிதொரு சங்கம் தன் செலவிற் கூட்டிய அறிஞரை, அதன் நிழலிலேயே ஒன்று சேர்த்தனர். தனிநாயக அடிகளார் 1952 முதல் நடத்தி வந்த தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில இதழ், அவ்வறிஞரை முன்னரே ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்திருந்தது. முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968-இற் சென்னையிலும் நிகழ்ந்தன. எட்டாவது 1995-இல் தஞ்சையில் நிகழ்ந்தது.

இம்மன்றத்தின் பிற்கால நிகழ்ச்சி ஒன்றும் நம் பொருளுக்கு உரியது. தமிழக அரசு ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோவையில் நடத்த விழைந்து 2009-இல் அறிவித்தது. ஆய்வுக் கட்டுரைகளை முறையாகப் பெற்று ஆராய்வதற்குக் காலம் போதாது எனக் கருதி, மன்றத்தின் தலைவராயிருந்த சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா உடன்பட்டிலர். அரசு 2010 சூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்னும் புதுப்பெயரில் மாநாட்டை நடத்தியது. ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாடு 2015-இல் கோலாலம்பூரில் கூடியது. பொருளும் கூட்டமும் ஒருபால் மிக்கிருந்தும், ஒன்பது என்னும் எண் மன்றத்திடமே நின்றது. எண் என்பது வரிசையின் அடையாளம்; வரிசை என்பது முறையின் அடையாளம். முறையை உடையாரது இசைவின்றிப் பெயரைப் பெறுதல் அரிது என்பதும், பெயர் கிட்டாதவிடத்துப் புதுப்பெயரில் தொடங்குதலே நேர்மையான வழி என்பதும் இதனாற் பெறப்படும்.

7. பொருளை மட்டும் ஏற்றல்

சில இடங்களில் மக்களும் முறையும் எஞ்சாது, பொருள் மட்டும் எஞ்சும். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் தொகுத்த நூல்களும் இதழ்களும் அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்கி வருகின்றன. மறைமலையடிகள் 1950-இல் மறைந்தபின் அவர்தம் நூற்றொகுதியைக் கொண்டு 1958-இல் அவர் பெயரில் நூலகம் அமைந்தது. இவ்வகையில் ஏற்பவர்க்கு முரண்படும் உறுப்பினர் இல்லை. ஆனால் பராமரிப்பு, பட்டியல், இடம் ஆகிய முறைகள் அனைத்தையும் புதிதாக ஆக்குதல் வேண்டும். ஆகவே பொருளை ஏற்றல் என்பது உண்மையில் ஒரு சங்கத்தை நிறுவுதலுக்கு ஒப்பான உழைப்பைக் கோருவது. உழைப்பு அமைந்தவிடத்து நூல்கள் பிழைத்தன; அமையாதவிடத்து அவை பழந்தாள் கடைக்குச் சென்றன.

8. இன்றைய நிலையும் தேர்வுக்குரிய வினாக்களும்

இவ்வாராய்ச்சி பழங்கதை பேசுதற்கன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் தமிழ் மன்றங்கள் எழுந்தன. அவற்றுட் பல இன்று பெயரளவில் நிற்கின்றன. நிறுவியோர் மறைந்தனர், உறுப்பினர் முதுமையெய்தினர், நூலக அறை பூட்டிக் கிடக்கின்றது. அவ்வறையில் உள்ளவை யாவை என்பதை ஆய்வு மாணவர் நன்கு அறிவர். இதழ்களின் விடுபட்ட தொகுதிகள், கையெழுத்தில் அமைந்த கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், அறிஞர் எழுதிய மடல்கள் முதலியன வேறெங்கும் கிடையா. ஓர் இதழின் வரலாற்றை ஆராயப் புகுவார், இடையில் இரண்டு மூன்று ஆண்டுத் தொகுதிகள் கிட்டாமல் இடர்ப்படுதல் நாம் அடிக்கடி காண்பது. அதே ஊரில் அதே வேளையில், நம்மிடம் பயின்ற பட்டதாரிகள் ஆண்டுதோறும் புதுப்பேரவை ஒன்றனைத் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் அதனை மறக்கின்றனர். பொருளுடைய இடத்தில் மக்கள் இல்லை. மக்களுடைய இடத்தில் பொருள் இல்லை. இவ்விரண்டும் கூடாமையால் விளையும் இழப்புத் தமிழாய்வுக்கே.

சட்டமும் ஒருவாறு இந்நிலைக்குக் காரணமாகின்றது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி எழுவர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பழைய சங்கத்தை ஏற்பதற்கோ, உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்தல், பொதுக்குழுவைக் கூட்டுதல், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தல், பல்லாண்டுக் கணக்கைப் பதிவாளர்க்கு அளித்தல் எனப் பணிகள் பல. ஏழு கையெழுத்து எளிது. எழுபது பேரின் இசைவு அரிது. ஆயினும் அரியது என்பதனாலேயே அது தகாதது ஆகாது.

ஆகவே தேர்வு செய்வார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்க வினாக்கள் நான்கு. முதலாவது, நாம் கருதிய பணி பழைய சங்கத்தின் அடிப்படை நோக்கோடு முரணுகின்றதா? முரணுமாயின் நிறுவுதலே தக்கது. ஏற்றபின் நோக்கை மாற்றுதல் உடைமைப் பறிப்பாகக் கருதப்படும். இரண்டாவது, அப்பணிக்கு நூலகமும் தொடர்ச்சியும் வேண்டுமா? வேண்டுமாயின் ஏற்றலே தக்கது. நூலகம் ஒரு தலைமுறையில் உண்டாவதன்று. மூன்றாவது, எஞ்சிய உறுப்பினர் எத்தனைபேர், அவர் இசைவு உண்மையானதா? எதிர்ப்பின்மை இசைவு ஆகாது. நான்காவது, சங்கத்துக்குள்ள கடமைகள் யாவை? அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றனை ஆண்டுதோறும் நடத்துவதாக முன்னோர் வாக்களித்துத் தொகை பெற்றிருப்பின், ஏற்பவர் அத்தொகையை மட்டும் ஏற்பதன்று, அவ்வாக்கையும் ஏற்றல் வேண்டும்.

ஏற்கத் துணிந்தார்க்கு நாம் கூற விழைவது ஒன்று. முதலாண்டில் பெயர்ப்பலகையையும் விதிகளையும் மாற்ற முற்படாது, ஏடுகளைத் துடைத்துப் பட்டியலிடுக. பட்டியலிடுங்கால் முதிய உறுப்பினரை உடன் வைத்துக்கொள்க. எழுதாத முறைகளை அறிதற்கு அதனினும் நல்வழி இல்லை. எந்நூல் யார் தந்தது, எவ்விழா ஏன் நின்றது, எவர்க்கும் எவர்க்கும் மனவேறுபாடு என்பனவெல்லாம் அவ்வேளையில் வெளிப்படும். வழிநூல் செய்வான் முன்னூலைக் கற்றல் வேண்டும் என்பது போன்றதே இது.

நிறுவத் துணிந்தார்க்கும் ஒன்று உண்டு. தொடங்கிய நாளே முடிவையும் எண்ணுதல் வேண்டும். சங்கம் கலைக்கப்படுமாயின் எஞ்சிய பொருள் உறுப்பினர்க்குப் பங்கிடப்படாது, அதுபோன்ற மற்றொரு சங்கத்தைச் சேர்தல் வேண்டும் என்பது 1860-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகவே வகுக்கப்பட்ட நெறி. எச்சங்கத்துக்குச் சேரும் என்பதை முன்னரே எழுதி வைப்பின், இன்று நிறுவுவோர் நாளை ஏற்போர்க்கு வழி செய்தவர் ஆவர்.

9. முடிபுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சங்கத்தின் நான்கு உறுப்புகளுட் பெயரும் பொருளும் கைமாறத்தக்கன. மக்களும் முறையும் வளர்க்கத்தக்கன. மதுரைச் சங்கம் பழம்பெயரைப் புதுமுறையாற் காத்தது. கரந்தைச் சங்கம் புதுப்பெயரைப் பணியாற் பழம்பெயராக்கியது. 1938-இல் ஏற்ற கட்சி 1944-இற் புதுக்கழகமாயிற்று. 1949-இல் நிறுவிய கழகம் பழையதன் வழியாக நின்றது. 1964-இற் தோன்றிய மன்றம் மற்றொன்றைச் சார்ந்து பிறந்து தனித்து வளர்ந்தது. நிறுவுதலா ஏற்றலா என்னும் வினாவைவிட, எம்மக்களோடு எம்முறையில் என்னும் வினாவே முதன்மையானது.

ஆயினும் இரண்டும் ஒத்த தகுதியுடையனவாக ஓரூரிற் காணப்படின், தமிழாய்வாளர் ஏற்றலையே முதற்கண் எண்ணிப் பார்த்தல் கடன் என்பது எம் துணிபு. புதுப்பேரவையை இவ்வாண்டு தொடங்காவிடின் அடுத்த ஆண்டு தொடங்கலாம். பூட்டிய அறையிலுள்ள ஏட்டுக்கு அடுத்த ஆண்டு உண்டு என்பது உறுதியன்று.